முதல் பக்கமும் மாவட்டப் பக்கமும்

தமிழ் நாளிதழ் ஒன்றைக் கையிலெடுத்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். பத்திரிகையின் பெயருக்கும் மேலே ஒரு வண்ணப் பட்டை. பெயருக்கு இரண்டு பக்கமும் இரண்டு சின்னப் பெட்டிகள். பத்திரிகைக்காரர்கள் அதை 'இயர் பேனல்' என்கிறார்கள். காதாம். வெள்ளிக்கிழமை என்றால் அந்தப் பட்டையில் ஒரு நடிகையின் முகம் இருக்கும், 'உள்ளே' என்று ஒரு சொல் இருக்கும், ஒரு பக்க எண் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை என்றால் இலவச இணைப்பின் பெயரும் அதில் எந்த நடிகர் மனம் திறந்து பேசியிருக்கிறார் என்பதும் இருக்கும். தலைப்புச் செய்தி அதற்குக் கீழேதான். பிரதமரும் முதலமைச்சரும் நீதிமன்றமும் அதற்குக் கீழேதான். நாட்டை ஆள்கிறவனுக்கே அந்த இடம் என்றால் நம் கதையை என்னவென்று சொல்ல?

சினிமாதானே, இதிலென்ன அரசியல் என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். எந்தத் தெருவில் யார் செருப்புப் போட்டு நடக்கலாம் என்பது அரசியல் என்றால், எந்தப் பக்கத்தில் யார் முகம் வரலாம் என்பதும் அரசியல்தான். இடத்தைப் பற்றி நமக்குப் பாடம் நடத்த யாரும் தேவையில்லை. ஊர் எது, சேரி எது என்று கண்ணைக் கட்டிவிட்டால்கூட நாம் சொல்லிவிடுவோம். நாளிதழிலும் ஊர் உண்டு, சேரி உண்டு. அந்தப் பட்டையின் வரலாற்றை நான் தோண்டத் தொடங்கியது இந்தக் காரணத்தால்தான்.

முதல் பக்கம் ஒரு காலத்தில் புனிதமாக இருந்தது, பிற்பாடு சினிமா வந்து கெடுத்துவிட்டது என்று மூத்த பத்திரிகையாளர்கள் பெருமூச்சு விடுவதைக் கேட்டிருக்கிறேன். நான் அதை நம்பவில்லை. லண்டன் 'டைம்ஸ்' 1966 மே 3ஆம் தேதிதான் முதல் பக்கத்தில் செய்தி போடத் தொடங்கியது. அதுவரை அங்கே இருந்ததெல்லாம் விளம்பரம். நம்மூர் 'இந்து'வும் அந்த வழியில் வந்ததுதான். 1958 வரை அதன் முதல் பக்கம் விளம்பரங்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. செய்தி வேண்டுமானால் பக்கத்தைப் புரட்ட வேண்டும். ஆக, முதல் பக்கம் பிறந்ததே கடைத்தெருவில்தான். கோயிலில் பிறந்ததாகச் சொல்வது பின்னால் எழுதிக்கொண்ட தலபுராணம்.

அப்படியானால் நம்மாளும் காசு கொடுத்து இடம் வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். அதற்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. 1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அதன் விளம்பரத்தைத் திலகரின் 'கேசரி'க்குக் கொடுத்தார்கள். இலவசமாகப் போடச் சொல்லவில்லை, கட்டணம் கொடுத்துத்தான். கேசரி போட மறுத்துவிட்டது. திலகர் அப்போது உயிரோடுதான் இருந்தார். பணம் வந்தால் சாதி போய்விடும் என்று இன்னமும் பேசுகிறவர்கள் இந்த ஒரு சம்பவத்தை யோசித்துப் பார்க்கட்டும். விளம்பரப் பக்கத்திலேயே தீட்டுப் பார்த்த நாடு இது.

தமிழில் நம்மவர்கள் அடுத்தவன் பக்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்றே பெயர் வைத்து இதழ் நடத்தினார். அயோத்திதாசர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். விலையையே பெயரில் வைத்த பத்திரிகை அது. அவை நின்றுபோன பிறகுதான் நாம் மற்றவன் பத்திரிகையை எட்டிப் பார்க்க வேண்டியவர்களானோம்.

எட்டிப் பார்க்க என்று சும்மா அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. எங்கள் தாத்தா காலத்தில் ஊர் டீக்கடையில் பெஞ்சு ஊராருக்கு. நம்ம ஆள் வெளியே நின்றோ குந்தியோ தனிக் குவளையில் குடிக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் பேப்பரை விரித்துப் படிப்பார். அவருக்கு உள்பக்கம். எதிரே நிற்கிறவன் கண்ணுக்குத் தெரிவது முதல் பக்கமும் கடைசிப் பக்கமும்தான். தாத்தா எழுத்துக் கூட்டக் கற்றது அப்படித்தான். "அவரு உள்ள படிப்பாரு, நான் வெளிய படிப்பேன்" என்பார். கடை வாசலில் தொங்கும் வால்போஸ்டரும் அவருக்குப் பாடப்புத்தகம். முதல் பக்கத்தை வாசிக்கிறவர்கள் கோடிப் பேர் என்று கணக்குச் சொல்கிறார்களே, அதில் காசு கொடுத்து வாங்காமல் நின்றபடி வாசித்த சனத்தையும் சேர்க்க வேண்டும். அந்தச் சனத்துக்கு முதல் பக்கம் மட்டும்தான் பத்திரிகை.

*

சினிமா நாளிதழுக்குள் வந்த வழியைப் பார்ப்போம். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31இல் வெளியானது. நான்கு ஆண்டு கழித்து, 1935இல் ஒரு நடிகரின் சம்பளமே பெரிய செய்தியாகிவிட்டது. கே.பி. சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய். என்ன படத்துக்கு? 'பக்த நந்தனார்'. பண்ணையடிமையாக இருந்த ஒரு புலையன் சிதம்பரம் போக ஆசைப்பட்ட கதையில் நந்தனாக நடிப்பதற்கு ஒரு லட்சம். அதே நேரத்தில் தஞ்சைச் சமவெளியில் உயிரோடிருந்த நந்தன்களுக்கு மரக்கால் நெல் கூலி. சுந்தராம்பாளின் குரலையோ உழைப்பையோ நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆண் வேடம் கட்டி ஒரு பெண் அந்தத் தொகையைக் கேட்டு வாங்கியது அந்தக் காலத்தில் சாதாரணக் காரியமில்லை. ஆனால் நந்தன் திரையில் பக்தனாகி நெருப்பில் இறங்கினால் பத்திரிகைக்கு ருசிக்கிறது, வயலில் நின்று கூலி கேட்டால் ருசிப்பதில்லை என்பது அங்கேயே தொடங்கிவிட்டது.

நந்தனார் கதை அத்தோடு விடவில்லை. 1942இல் எம்.எம். தண்டபாணி தேசிகரை வைத்து ஜெமினி மறுபடியும் 'நந்தனார்' எடுத்தது. ஜெமினியின் முதலாளி எஸ்.எஸ். வாசன். 1928இலிருந்து 'ஆனந்த விகட'னின் முதலாளியும் அவரே. பத்திரிகையும் படமும் ஒரே கல்லாப்பெட்டிக்குள் வந்துவிட்டன. படத்தைப் பற்றிய எழுத்து எங்கே முடிகிறது, படத்துக்கான விளம்பரம் எங்கே தொடங்குகிறது என்கிற கேள்வி ஏதோ தனியார் தொலைக்காட்சி வந்தபிறகு முளைத்தது என்று நினைக்கிறோம். எண்பது வருடத்துக் கேள்வி அது.

அதே 1942இல்தான் சி.பா. ஆதித்தனார் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கினார். லண்டனில் பாரிஸ்டருக்குப் படித்தவர். அங்கே சாதாரண சனங்கள் வாசிக்கும் 'டெய்லி மிரர்' மாதிரி ஒன்றை இங்கே கொண்டுவந்தார். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். தந்தி இல்லாவிட்டால் எங்கள் தாத்தா போன்றவர்கள் எழுத்தறிந்திருக்க மாட்டார்கள். சமஸ்கிருதம் கலந்த மணிப்பிரவாளத் தமிழில் அய்யர்மார் எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையை டீக்கடைக்கு இறக்கியது அதுதான். மக்கள் பேசுவதைப் போல எழுத வேண்டும், கொச்சையை மட்டும் நீக்கிவிட வேண்டும் என்பது ஆதித்தனார் தன் செய்தியாளர்களுக்குச் சொன்ன பாடம். தமிழ் எம்.ஏ. படித்தவன் என்பதால் எனக்கு அந்தக் 'கொச்சை'யில் ஒரு நெருடல். யாருடைய பேச்சு கொச்சை? ஊர்த்தெருப் பேச்சில் எவ்வளவு நீக்குவார்கள், சேரிப் பேச்சில் எவ்வளவு மிச்சம் இருக்கும்? நம் கண்ணுக்குப் புரியும் தமிழ் வந்தது, நம் வாயில் வரும் தமிழ் வரவில்லை. இதைத் தனியாகவே எழுத வேண்டும்.

சினிமாவை முதல் பக்கத்துக்குத் தூக்கிவந்தது ரசனை அல்ல, கொலை. 'சினிமா தூது', பிறகு 'இந்து நேசன்' என்று நடிகர் நடிகையரின் அந்தரங்கத்தை எழுதிக் காசு பார்த்த லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8இல் சென்னை வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். பாகவதரின் 'ஹரிதாஸ்' அந்தத் தீபாவளிக்கு வெளியாகி ஓடிக்கொண்டிருந்த நேரம். 1945இல் ஆயுள் தண்டனை, பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு, 1947இல் விடுதலை. இரண்டரை வருடம் தமிழ்நாட்டுக்குத் தொடர்கதை கிடைத்தது. ஒரு செய்திக்கு நாளைக்கும் நாளை மறுநாளைக்கும் தொடர்ச்சி உண்டு என்று வாசகனைக் காத்திருக்க வைக்க முடியும் என்பதைப் பத்திரிகைகள் நடிகர்களை வைத்துத்தான் கற்றுக்கொண்டன.

இந்தத் 'தொடர்ச்சி' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1967 ஜனவரி 12இல் எம்.ஆர். ராதா சுட்டதில் எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு பாய்ந்தது. கட்டுப் போட்ட கழுத்தோடு இருந்த எம்.ஜி.ஆரின் படம் அந்தத் தேர்தலில் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. நடிகர் செய்தியும் அரசியல் செய்தியும் அதன்பிறகு ஒன்றாகிவிட்டன. எனவே முதல் பக்கத்தில் நடிகரைப் போட யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு டிசம்பர் 25இல் கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள். செய்தி வராமலில்லை, வந்தது. கூலித் தகராறாக, விவசாயிகள் மோதலாக வந்தது. அந்தச் சொற்களுக்குள் சாதி குந்திக்கொண்டது. 1973இல் உயர்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுதலை செய்தது. எம்.ஜி.ஆர். கழுத்துக் காயம் என்ன ஆயிற்று, அவர் குரல் எப்படி மாறிற்று என்பது இன்றைக்கும் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். 44 பேரில் ஒருவர் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள் பார்ப்போம்.

*

சினிமாச் செய்தி முதல் பக்கத்துக்கு எப்படிப் போகிறது என்ற நடைமுறை தெரிந்தால் இது சதியா சந்தையா என்ற பட்டிமன்றம் தேவைப்படாது.

1958இல் 'நாடோடி மன்னன்' படத்துக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் மக்கள் தொடர்பாளராக வேலை செய்தார். தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று அவரைச் சொல்வார்கள். ('இந்து' முதல் பக்கத்தில் விளம்பரத்தை எடுத்ததும் அதே ஆண்டு. தற்செயல்தான், ஆனால் நல்ல தற்செயல்.) அன்றிலிருந்து சினிமாச் செய்தி, சமைத்த சோறாகப் பத்திரிகை அலுவலகத்துக்கு வருகிறது. படம் வரும், படக்குறிப்பு வரும், எழுதிய செய்தியே வரும். எந்தத் தேதியில் என்ன படம் என்று முன்கூட்டியே தெரியும். முதல் பக்கப் பட்டையை மத்தியானமே வடிவமைத்து வைத்துவிடலாம்.

நம் செய்தி அப்படி வருமா? ராத்திரி குடிசைக்குத் தீ வைப்பான். தூரத்து ஊர்களுக்குப் போக வேண்டிய பதிப்பு அதற்குமுன் அச்சேறி வண்டி ஏறியிருக்கும். காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுநாள் சாயந்திரம் ஆகும். எஃப்.ஐ.ஆர். இல்லாமல் நிருபர் எழுத மாட்டார். அதற்குள் அது 'நேற்றைய செய்தி'.

அடுத்தது பதிப்பு முறை. ஒரே நாளிதழ் பல ஊர்களில் அச்சாகிறது. முதல் பக்கம் பெரும்பாலும் எல்லாப் பதிப்புக்கும் பொது. மாவட்டப் பக்கம் அந்தந்த மாவட்டத்துக்கு மட்டும். நடிகரின் பிறந்தநாளைச் சென்னைக்காரனும் படிப்பான், கன்னியாகுமரிக்காரனும் படிப்பான். விழுப்புரத்தில் சேரிப் பிணத்தை ஊர்த்தெரு வழியாகக் கொண்டுபோக விடாமல் மறித்ததை விழுப்புரத்துக்காரன் மட்டும்தான் படிப்பான். அவனுக்கோ அது பத்திரிகை சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கண்ணால் பார்த்ததே. திண்டுக்கல்லில் அதே வாரம் அதேபோல ஒரு பிணம் மறிக்கப்பட்டிருக்கும். அது திண்டுக்கல் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒரே தாளில் ஒரு நாளும் சந்திக்காது. ஒவ்வொன்றும் உள்ளூர்ச் சில்லறைத் தகராறாகவே செத்துப்போகும். 'சம்பவம்' என்பது 'பிரச்சினை'யாக ஆகாமல் பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. இதை யாரோ ஒருவர் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. காகிதச் செலவும் விளம்பர வருமானமும் கணக்குப் பார்த்துச் செய்தது. சாதிக்கு அது வாகாக அமைந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஒன்றியத்தில் எந்தெந்தக் கடைகளில் தனிக் குவளை, எந்த முடிதிருத்தகத்தில் நமக்கு நாற்காலி இல்லை என்று கணக்கெடுத்து, பட்டியல் போட்டுப் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டோம். வந்தார்கள், டீ குடித்தார்கள், குறிப்பு எடுத்தார்கள். நிருபர் ஒருவரிடம், நல்ல மனுசர்தான், "ஸ்டேட் பேஜ் போகுமாங்க?" என்று கேட்டேன். "தோழர், ஒளிக்காம சொல்றேன். நாளைக்குப் பெரிய படம் ரிலீஸ். மேல பட்டையும் போச்சு, கீழ கால் பக்கமும் போச்சு. டிஸ்ட்ரிக்ட்ல போட்டுத் தர்றேன்" என்றார். போட்டுத் தந்தார். நாலு வரி. அதில் குவளை என்ற சொல் இல்லை, 'பாகுபாடு' என்று மட்டும் இருந்தது. அந்தத் துண்டை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறோம். எந்தக் கடை, எந்த ஊர் என்று அதைப் படித்து ஒருவரும் தெரிந்துகொள்ள முடியாது.

பத்திரிகை ஏஜெண்டுகளைக் கேட்டால் அவர்கள் நியாயம் வேறு. "சனம் கேக்குது, நாங்க போடறோம்." சனம் கேட்கிறதுதான். நம் சேரியில் நற்பணி மன்றப் பலகை இல்லாத தெரு உண்டா? கட் அவுட்டுக்குச் சாரம் கட்டுகிறவன், கொட்டு அடிக்கிறவன், முதல் காட்சிக்கு வேலையை விட்டுவிட்டு ஓடுகிறவன் நம்ம பையன். அவனைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. திரையரங்கில் தரை டிக்கெட் எடுத்தவன் பக்கத்தில் உட்கார்ந்தவனின் சாதியைக் கேட்க முடியாது. கோயிலில் கிடைக்காத அந்த இருட்டை நம் பாட்டன்மார் கொட்டகையில் கண்டார்கள். ஆகவே சினிமாவை முதல் பக்கத்திலிருந்து துரத்து என்று சொல்ல நான் வரவில்லை. சனம் தன் கதையையும் கேட்கத்தான் செய்கிறது. அதைக் கேட்டுப் போடுகிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

1996இல் டெல்லியில் ஓர் அமெரிக்கக் கறுப்பினப் பத்திரிகையாளர், தலித் பத்திரிகையாளர் ஒருவரிடம் பேச வேண்டும், ஆள் சொல்லுங்கள் என்று பி.என். உனியாலிடம் கேட்டார். உனியால் தேடினார். அரசு அங்கீகாரம் பெற்ற 686 பத்திரிகையாளர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு விசாரித்தும் அவரால் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. முப்பது ஆண்டுத் தொழிலில் ஒரு தலித் பத்திரிகையாளரைக்கூடச் சந்தித்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. அதை அவர் 'பயனீய'ரில் எழுதினார். பிறகு மாறிவிட்டதா? 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்டரியும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. ஊடகங்களின் தலைமைப் பதவிகள் 121ஐ எடுத்துப் பார்த்ததில் 106இல் ஆதிக்கச் சாதியினர். தலித், பழங்குடி ஒருவரும் இல்லை. அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது, அதுதான் நம் விஷயத்துக்கு நேரானது. 12 பருவ இதழ்களின் அட்டைகளில் இடம்பெற்ற 972 கட்டுரைகளில் சாதி பற்றியவை 10.

*

எங்கள் தலைமுறை வளர்ந்த தொண்ணூறுகளில்தான் அந்தப் பட்டைக்கு வண்ணம் ஏறியது. 1993இல் சன் டிவி வந்தது. நாளிதழுக்குத் தொலைக்காட்சியோடு போட்டி போட வேண்டிய நிலை. முதலில் வண்ணம் ஏறியது முதல் பக்கத்துக்கு, அதில் முதலில் ஏறியது நடிகை முகத்துக்கு. இணைப்பு இதழ்கள் பெருகின, அவற்றைக் கூவி விற்கும் வேலை முதல் பக்கத்துக்கு வந்தது.

அதே தொண்ணூறுகள் நமக்கு என்ன ஆண்டுகள் என்று இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1992 ஜூன் 20 வாச்சாத்தி. அது நடந்தது என்று வெளியே தெரியவே வாரங்கள் ஆயின. 1995 ஆகஸ்ட் 31 கொடியங்குளம். 1997 ஜூன் 30 மேலவளவு, ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் பேருந்தில் வந்தபோது வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1999 ஜூலை 23 தாமிரபரணி, மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்களில் 17 பேர் போலீஸ் அடிக்குத் தப்ப ஆற்றில் இறங்கிப் பிணமானார்கள். இவையெல்லாம் முதல் பக்கத்துக்கு வந்தவைதான், இல்லையென்று சொன்னால் பொய். எப்படி வந்தன என்று பாருங்கள். 'கலவரம்', 'மோதல்', 'தடியடி'. நாம் முதல் பக்கத்துக்குப் போக வேண்டுமென்றால் செத்தாக வேண்டும், அதுவும் கூட்டமாக. நடிகர் உயிரோடிருந்தாலே போதும். கல்யாணம் செய்தாலும் வருவார், மொட்டை போட்டாலும் வருவார், அரசியலுக்கு வருவேன் என்றாலும் வருவார், வரமாட்டேன் என்றாலும் வருவார்.

தாமிரபரணிக்கு ஓராண்டு கழித்து, 2000 ஜூலை 30இல் கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தினான். 108 நாள். இன்று தூதர் காட்டுக்குப் போனார், இன்று ஒலிநாடா வந்தது, இன்று ராஜ்குமார் என்ன சாப்பிட்டார் என்று செய்தி. ஒரு மனிதனின் உயிர் பெரிதுதான், இரண்டு மாநிலமும் பதறியது நியாயம்தான். ஆனால் தாமிரபரணிக்கு எத்தனை நாள் 'தொடர்ச்சி' இருந்தது?

மேலே மனதில் வைக்கச் சொன்ன சொல் இதற்காகத்தான். முதல் பக்கப் பட்டையில் 'உள்ளே பார்க்க' என்று போடுகிறார்களே, அது ஒரு வாக்குறுதி. இந்தக் கதை இத்தோடு முடியவில்லை, உள்ளே இருக்கிறது, நாளையும் இருக்கும் என்ற வாக்குறுதி. வாச்சாத்தி வழக்கில் தீர்ப்பு வர 2011 செப்டம்பர் 29 வரை ஆயிற்று. 269 பேர் குற்றம் சாட்டப்பட்டவர்கள், அதற்குள் 54 பேர் செத்தே போனார்கள், மிஞ்சிய 215 பேருக்கும் தண்டனை. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. நடுவிலிருந்த பத்தொன்பது வருடத்தில் அந்த மலைக்கிராமத்துப் பெண்கள் எத்தனை முறை கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சி சொல்லிவிட்டு வந்தார்கள்! 'வாச்சாத்தி: இன்று சாட்சி விசாரணை, விவரம் உள்ளே' என்று ஒரு பட்டை நான் பார்த்ததில்லை. கீழவெண்மணிக்கும் மேலவளவுக்கும் அப்படித்தான். நம் செய்திக்கு முதல் நாள் உண்டு, கடைசி நாள் உண்டு. நடுநாட்கள் கிடையாது. வழக்கு நடப்பதும், சாட்சி மிரட்டப்படுவதும், பிறழ்வதும், ஊரைவிட்டுப் போவதும் அந்த நடுநாட்களில்தான்.

2006இல் இது அகில இந்திய அளவில் வெட்டவெளிச்சமானது. மும்பை ஃபேஷன் வாரத்துக்கு 512 பத்திரிகையாளர்கள் பதிவு செய்திருந்தார்கள். விவசாயிகள் தற்கொலை செய்துகொண்டிருந்த விதர்பாவில் அதே நேரம் வெளியிலிருந்து வந்து தங்கி எழுதியவர்கள் ஆறு பேர்கூட இல்லை என்று பி. சாய்நாத் எழுதினார். அதே விதர்பாவில் அதே ஆண்டு செப்டம்பர் 29இல் கயர்லாஞ்சி நடந்தது. ஒரு தலித் குடும்பத்தில் தாய், மகள், இரண்டு மகன்கள் நான்கு பேரை ஊரே கூடிக் கொன்றது. நம் மக்கள் நாகபுரித் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான், ஒரு மாதம் கழித்து, பெரிய பத்திரிகைகளுக்கு அது செய்தியானது.

இதற்கிடையில் விற்பனை முறையும் மாறியிருந்தது. 2003இல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' குழுமம் 'மீடியாநெட்' என்று ஒன்றைத் தொடங்கி, கேளிக்கைப் பக்கங்களில் செய்தியாகவே வருவதற்குக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அந்த இணைப்பிதழ்களின் பெயருக்குக் கீழே, இது விளம்பரக் கட்டுரைகள் கொண்ட கேளிக்கை ஊக்குவிப்பு இணைப்பு என்று ஒரு வரி இருக்கும். எறும்பு அளவு எழுத்து. லட்சுமிகாந்தனின் மேல் இருந்த புகார், எழுதாமலிருக்கக் காசு வாங்கினார் என்பது. இப்போது எழுதவே காசு, அதுவும் ரசீதோடு. தமிழில் 2005இல் 'தினகர'னைச் சன் குழுமம் வாங்கியது. 2008இல் அதே குழுமம் சன் பிக்சர்ஸ் என்று படங்களை வெளியிட இறங்கியது, 2010இல் 'எந்திரன்' எடுத்தது. நாளிதழ், தொலைக்காட்சி, பண்பலை, படக்கம்பெனி எல்லாம் ஒரே வீடு. வாசன் காலத்துக் கல்லாப்பெட்டி கட்டடமாக உயர்ந்துவிட்டது. இன்றைக்கு முதல் பக்கத்தையே முழுசாக விளம்பரம் போர்த்திக்கொண்டு வருகிற நாட்கள் உண்டு. அதற்கு 'ஜாக்கெட்' என்று பெயர். 1958க்கு முந்தைய நிலைக்கு வண்ணத்தில் திரும்பியிருக்கிறோம்.

அம்பேத்கர் 1943இல் புனாவில் ரானடே பற்றிப் பேசியபோது இந்தியப் பத்திரிகைத் தொழிலையும் ஒரு பிடி பிடித்தார். தொழிலாக இருந்தது வியாபாரமாகிவிட்டது, நாயகனைப் பிடித்து வைத்து வழிபடுவதே அதன் முதல் வேலையாகிவிட்டது என்பது அவர் பேச்சின் சாரம். அவர் சொன்னது அரசியல் நாயகர்களை. நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே ஆள்தான் என்பதால் நமக்கு இரட்டிப்பாகப் பொருந்துகிறது.

2016 ஜூலையைத் திரும்பிப் பார்க்கிறேன். 11ஆம் தேதி குஜராத் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த நம் பிள்ளைகளைக் காரில் கட்டி வைத்து அடித்தார்கள். குஜராத் தலித்துகள் செத்த மாடுகளை அள்ளிக்கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகத்தில் கொட்டினார்கள். 22ஆம் தேதி இங்கே 'கபாலி' வெளியானது. ரஜினி முகம் வரைந்த விமானம் முதல் பக்கங்களில் பறந்தது. அந்தப் படத்தை எடுத்தவர் பா. ரஞ்சித், நம் பையன். படத்தில் சிறையிலிருந்து வெளியே வரும் கபாலியின் கையில் இருந்தது ஒய்.பி. சத்தியநாராயணாவின் 'மை ஃபாதர் பாலையா'. ஒரு தலித் குடும்பத்தின் தலைமுறைக் கதை. அந்த வாரத்து முதல் பக்கங்களில் நான் விமானத்தைப் பார்த்தேன், புத்தகத்தைப் பார்க்கவில்லை. பட்டைக்குள் நம்மாள் நுழைந்தபோதுகூடப் பட்டை அவன் கையில் இருந்ததை வெட்டிவிட்டுத்தான் முகத்தைப் போட்டது. இருந்தாலும் எங்கள் தெருப் பையன்கள் அந்தப் புத்தகம் என்னவென்று கேட்டு வந்தார்கள், நூலகத்தில் தேடினோம். இந்தக் கணக்கை எந்தப் பக்கத்தில் வரவு வைப்பது என்று எனக்கு இன்னமும் தீர்மானமில்லை.

2020 ஜூனில் ஒரு இந்தி நடிகர் இறந்தார். தொலைக்காட்சியும் நாளிதழும் மாதக்கணக்கில் அதையே தின்றன. செப்டம்பர் 14இல் ஹத்ராஸில் பத்தொன்பது வயதுப் பெண் சிதைக்கப்பட்டாள். 29இல் டெல்லி மருத்துவமனையில் இறந்தாள். அந்தப் பதினைந்து நாள் அவள் உயிரோடிருந்தாள், வாக்குமூலம் கொடுத்தாள். நாடு அவளைத் திரும்பிப் பார்த்தது அவள் செத்த பிறகு, போலீசே ராத்திரியில் பிணத்தை எரித்த பிறகு.

அடுத்த ஆண்டு 'ஜெய் பீம்' வந்தது. 1993இல் கடலூர்ப் பக்கம் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய் அடித்துக் கொன்ற ராஜாக்கண்ணுவின் கதை. அவர் மனைவி இடதுசாரித் தோழர்கள் துணையோடு வழக்கு நடத்தினார், வழக்கறிஞர் சந்துரு வாதாடினார், போலீஸ்காரர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. வழக்கு நடந்த ஆண்டுகளில் அந்த அம்மாவின் முகத்தைத் தமிழ்நாடு அறியாது. படம் வெளியான 2021 நவம்பரில் நிருபர்கள் அவரைத் தேடிப் போனார்கள். பேட்டி எடுத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள். வயதாகி, வறுமையில்தான் இருந்தார். நான் வெட்டி வைத்திருக்கும் துண்டில் அந்தப் பேட்டி சினிமாப் பக்கத்தில் இருக்கிறது. அன்றைய முதல் பக்கப் பட்டையில் நடிகரின் படமும் பக்க எண்ணும் இருந்தன.